கம்பிக்காரி இழுத்த லைன்

கம்பி நீட்டியவர்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். கம்பி எண்ணியவர்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறோம். கம்பி இழுத்துப் பெயர் வாங்கிய மருமகள் ஒரு தையல்காரர் வீட்டில்தான் இருந்தாள். பெயர் வைத்தவள் நாத்தனார். வைத்த நாளில் அது பட்டமில்லை, குத்தல். "எங்க அண்ணி கம்பிக்காரி. கல்யாணத்துக்கு அப்புறம் கம்பி நீட்டுவாங்கன்னு பாத்தா, வீடு பூரா கம்பி இழுத்துக்கிட்டு இருக்காங்க" என்று தோழியிடம் போனில் சொல்லிச் சிரித்தாள். படியில் உட்கார்ந்து சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்த அண்ணிக்கு அது காதில் விழுந்தது. அவள் அடுத்த ஆணியை எடுத்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு சரக்கு அலுவலகத்தில் கணினியில் பதிவு செய்யும் வேலையில் இருந்தாள். அங்கே ஒரே ஓர் இணைய இணைப்பு. அதை ஒரு டஜன் கணினிகள் பங்கு போட்டுக்கொண்டன. இணைப்பு நின்றுவிட்டால் சரிசெய்ய ஒருவர் வருவார். வருவது அவருக்குத் தோன்றும்போது. வந்தால் அவள் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, இது ஏன், அது ஏன் என்று கேட்பாள். விட்டால் போதும் என்று அவர் பதில் சொல்லுவார். அப்படிச் சேர்ந்ததுதான் அவளுடைய படிப்பு. கடைசி வருடம் அந்த ஆளைக் கூப்பிடவேண்டிய அவசியமே அலுவலகத்துக்கு வரவில்லை.

புகுந்த வீட்டில் கீழே தையல் கடை. கடையின் ஓரத்திலிருந்து குறுகலான படிக்கட்டு ஏறும். மேலே மூன்று அறைகள். வெளியிலிருந்து வந்த இணைய லைன் கடை மூலையில் ஒரு சிறிய பெட்டியில் முடிந்தது. அந்தப் பழைய பெட்டியில் ஒரு வயர் செருக ஓர் ஓட்டைதான் ஒழுங்காக இருந்தது. வயரில்லாத இணைப்பும் உண்டு. ஆனால் சுவர்கள் முழங்கை அகலம், படிக்கட்டின் இரண்டாவது திருப்பம் வருவதற்குள் சிக்னலுக்கு மூச்சு வாங்கிவிடும். அதனால் காலையில் யார் முதலில் எழுந்து வயரைப் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு அன்றைக்கு இணையம். அவளுடைய கணவனுக்குக் கடைகளிலிருந்து துணி அளவும் மாதிரியும் மின்னஞ்சலில் வரும். ஓரகத்தி, அதாவது கணவனின் அண்ணன் மனைவி, கணினியில் பூவேலை வடிவங்கள் வரைந்து விற்பவள். நாத்தனாருக்கு மருந்தாளர் படிப்பின் பாடங்கள் எல்லாம் திரையில்தான். மூன்று பேரும் படித்தவர்கள், வெளியில் மரியாதையாகப் பேசுகிறவர்கள். அந்த ஒரு வயருக்காகத் தினமும் குடுமிப்பிடிச் சண்டை.

"ஏங்க, ஒரு பெட்டி வாங்கணும். எட்டு ஓட்டை உள்ளது" என்றாள் அவள் கணவனிடம்.

"எட்டு எதுக்கு? வீட்டுல கம்ப்யூட்டர் நாலுதானே இருக்கு?"

"மிச்சம் காலியா கிடக்கட்டும். வீடுன்னா பெருகத்தானே செய்யும்."

அவன் காது சிவந்து போய் அன்றைக்கே வாங்கி வந்தான். அவள் கணினிகளைச் சொன்னாள் என்பது அவனுக்கு மறுநாள்தான் புரிந்தது.

பழைய பெட்டியிலிருந்து ஒரு வயர் புதிய பெட்டிக்கு. புதிய பெட்டியிலிருந்து ஆளுக்கொரு வயர். படிக்கட்டின் அடியில் தோள் உயரத்தில் ஒரு பலகை அடித்து, அதில் பெட்டியை உட்காரவைத்தாள். கீழே மாமியாரின் தையல் மெஷின். அந்த வீட்டில் மெஷின் என்றால் தையல் மெஷின்தான். மற்ற மின்சாரச் சாமான் எதுவானாலும் பெட்டி.

வயரின் முனைகளை அவளே கட்டினாள். ஒரு வயருக்குள் எட்டு மெல்லிய கம்பிகள், எட்டும் வெவ்வேறு நிறம். வரிசை மாறாமல் அடுக்கி, நுனிகளை ஒரே மட்டமாக வெட்டி, கண்ணாடி போன்ற சிறிய மூடிக்குள் நுழைத்து அழுத்தவேண்டும். மாமியார் மெஷினை நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"ஏம்மா, அந்தப் பச்சைக் கம்பி ஒரு நூல் குட்டையா இருக்கு."

"இல்லையே அத்தை, எல்லாம் சமமாத்தான் வெட்டினேன்."

"நீ சமமா வெட்டினே. அது உள்ள போறப்ப பின்வாங்கிடுச்சு. பிரிச்சுப் போடு."

பிரிக்காமல் செருகிப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. பிரித்துப் போட்டாள். எரிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு முனையையும் செருகுவதற்கு முன் மாமியாரிடம் நீட்டினாள். மாமியார் அதைப் பட்டன் துளை பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையசைப்பார்.

"அதெல்லாம் சரி, இந்தப் பெட்டி என்னதான் செய்யும்?" என்று ஒருநாள் கேட்டார்.

"தெருக்குழாயிலேருந்து வர்ற தண்ணிய நாலு அறைக்குப் பிரிச்சு விடுற மாதிரி, அத்தை."

"அப்போ ஒருத்தர் குளிச்சா இன்னொருத்தருக்குச் சொட்டுச் சொட்டாத்தான் வரும்."

"ஆமா. ஆனா வரும்."

"வந்தா போதும். சண்டை போடாம குளிங்க."

வீட்டில் சத்தம் குறைந்தது. அக்கம்பக்கத்தில் பேச்சு பரவியது. எதிர்வரிசைப் பல் மருத்துவர் தன் மூன்று கணினிகளுக்குக் கூப்பிட்டார். முனையில் இருந்த போட்டோ ஸ்டுடியோக்காரர் கூப்பிட்டார். தோளில் வயர்ச் சுருளை மாட்டிக்கொண்டு அவள் தெருவில் நடந்தால், "கம்பிக்காரி போறாங்க" என்றார்கள். குத்தலில் இருந்த ஊசியை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். அவளும் அந்தப் பெயரையே சொல்லிப் போனை எடுக்கத் தொடங்கினாள்.

அந்த வீட்டின் மாமியாரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவரால் எது தொங்கினாலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கடைக்கு வரும் ஆளிடம் அளவு எடுக்கும்போதே அவர் சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரித்துவிடுவார். யாராவது கைப்பையின் வாரைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால், பேச்சின் நடுவிலேயே அதை எடுத்து உள்ளே செருகிவிடுவார். தான் செய்தது அவருக்கே தெரியாது. கண் இமைப்பது போல அது.

நாத்தனார் ஒரு மருந்துக் கடையில் நான்கு வருடமாக உதவியாளாக இருந்தாள். மருந்துகளின் பெயரெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் உரிமம் இல்லாததால் சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்கும் அதிகாரம் இல்லை. எடுத்துக் கொடுப்பது இவள், சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது வேறொருவர். உரிமத் தேர்வை இரண்டு தடவை எழுதியிருந்தாள். தேர்வு மையம் இருந்தது வேறு நகரத்தில். பஸ் ஏறினால் அவளுக்குக் குடலைப் புரட்டும். இரண்டு தடவையும் வழியெல்லாம் வாந்தி, மண்டையைப் பிளக்கும் வலியோடு பரீட்சை, தோல்வி. மூன்றாவது தடவையும் தவறினால் படிப்பையே முதலிலிருந்து படிக்கவேண்டும் என்பது விதி.

அந்த முறை வீட்டிலிருந்தே இணையத்தில் எழுதலாம் என்று அறிவித்தார்கள். நாத்தனாருக்கு மையத்தில் இடம் கிடைத்துவிட்டிருந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

"வீட்டுல எழுது" என்றாள் கம்பிக்காரி. "லைனுக்கு நான் பொறுப்பு."

"நடுவுல நின்னா? பத்து நிமிஷத்துக்கு மேல துண்டிச்சா செல்லாதுன்னு போட்டிருக்கான், அண்ணி."

"நான் இழுத்த லைன் நிக்காது."

"இவ்வளவு உறுதியா சொல்றீங்க."

"உறுதியாத்தானே இழுத்தேன்."

நாத்தனார் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பிறகு மையத்து இடத்தை விட்டுக்கொடுத்தாள்.

தேர்வு நாள் காலையில் கம்பிக்காரி வீட்டைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். தேர்வு முடியும்வரை முழு லைனும் நாத்தனாருக்கு மட்டும். ஓரகத்தியின் கணினியிலிருந்து வயரை உருவினாள். தங்கள் அறையில் உருவினாள். கணவனை மட்டும் அவள் நம்பவில்லை. "ஒரே ஒரு மெயில் பாத்துக்கறேன்" என்று செருகிவிடுவான். அதனால் வெட்டுமேசை மேல் இருந்த கடையின் மடிக்கணினியையே கழற்றித் துணி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பெட்டிப் பலகைக்குப் பக்கத்திலேயே வெட்டுமேசை. ஆகவே அந்த வயர் மட்டும் குட்டை. கணினி போன பிறகு அதன் முனை பலகையிலிருந்து சும்மா தொங்கியது.

மேலே நாத்தனாரின் அறையில் கேமரா ஓடத் தொடங்கிவிட்டால் யாரும் உள்ளே போகக்கூடாது. கையில் போன் இருக்கக்கூடாது. இருக்கையை விட்டு எழக்கூடாது. "லைன் போச்சுன்னா குதிகாலால தரையில ரெண்டு தட்டு. திரும்பி வந்தா ஒரு தட்டு" என்று சொல்லிவிட்டு கம்பிக்காரி கதவைச் சாத்தினாள்.

தேர்வு தொடங்கியது. வீட்டில் எல்லோரும் பூனை நடை நடந்தார்கள். மாமியார் மெஷினை ஓட்டவில்லை, கையால் ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். கம்பிக்காரி கடை வாசலில் நின்று டீ குடித்தாள். பாதித் தேர்வு நிம்மதியாகப் போனது.

தலைக்கு மேலே தொம், தொம் என்று இரண்டு சத்தம் கேட்டது.

அவள் டம்ளரை வைத்த இடம் அவளுக்கே தெரியாது. முதலில் ஓடியது கடை மூலைக்கு. வெளி லைன் வரும் பெட்டியில் இணைய விளக்கு பச்சையாக நின்றது.

கணவன் போனோடு வந்தான். "கம்பெனிக்காரனுக்குப் போடறேன்."

"வேண்டாம். தெருவிலேருந்து வந்துக்கிட்டுத்தான் இருக்கு. அடைப்பு வீட்டுக்குள்ளதான்."

படிக்கட்டடிக்கு வந்தாள். "அத்தை, இந்தப் பெட்டியை யாராவது தொட்டாங்களா?"

"யாரும் தொடலையே. நான் இங்கேயேதானே இருக்கேன்."

மாமியார் பொய் சொல்லுகிறவர் இல்லை. ஆகவே அவள் மேலே ஓடினாள். நாத்தனார் அறை வரைக்கும் படியோரமாகப் போன வயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். எலி கடித்ததா, கதவிடுக்கில் நசுங்கியதா என்று பார்த்தாள். வயர் புத்தம் புதுசாக இருந்தது. ஓரகத்தி படியில் நின்று முனகினாள். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த மாதிரி, பேசாம மையத்துக்கே போயிருக்கலாம்."

கம்பிக்காரி கீழே இறங்கினாள். திரும்பவும் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். இந்தத் தடவை எதையும் தொடாமல் விளக்குகளை மட்டும் பார்த்தாள். நல்ல நாளில் அந்த விளக்குகள் மினுக்குவது, நாலு பேர் உட்கார்ந்து பேசுவது மாதிரி. ஒன்று பேசும், ஒன்று சும்மா இருக்கும், ஒன்று இடையில் 'ம்' கொட்டும். இப்போது எரிந்த விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில் வெறிபிடித்தமாதிரி துடித்தன. அதுவும், எரியவேண்டியதைவிட இரண்டு விளக்கு அதிகம்.

அதிகமாக எரிந்த ஒரு விளக்கின் ஓட்டையில் இருந்த வயரைப் பிடித்து அதன் போக்கிலேயே விரலை ஓட்டினாள். ஒரு சாண் போனது. வளைந்தது. திரும்பி அதே பெட்டிக்கே வந்தது.

"அத்தை, இந்த முனை?"

மாமியார் ஊசியை நிறுத்தினார். "அதுவா? அது தொங்கிக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல ஓட்டை காலியா இருந்துச்சு. செருகி வச்சேன்."

"தொடலைன்னு சொன்னீங்களே."

"நான் எங்கம்மா தொட்டேன்? செருகித்தானே வச்சேன்."

கம்பிக்காரி முனையை உருவினாள். விளக்குகள் ஒருமுறை எல்லாம் அணைந்தது போலிருந்தது. பிறகு ஒன்று எரிந்தது, இன்னொன்று யோசித்து எரிந்தது. எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தொம்.

ஒரே ஒரு தட்டு. பத்து நிமிடம் ஆகவில்லை. ஆனால் நெருங்கிவிட்டிருந்தது.

மாமியார் முகம் வெளுத்திருந்தது. "நான் என்ன பண்ணிட்டேன்னு சொல்லு."

அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். "ஒரு பக்கம் வந்த பேச்சை மத்த எல்லா ஓட்டைக்கும் திருப்பிச் சொல்றதுதான் இதோட வேலை, அத்தை. ரெண்டு முனையும் இதுலயே இருந்தா, தான் சொன்னது தனக்கே திரும்பி வரும். அதையும் திருப்பிச் சொல்லும். அது மறுபடி வரும். சொன்னதையே சொல்லிக் கத்திக்கிட்டே இருக்கும். மத்தவங்க பேச்சு எதுவும் காதுல விழாது."

மாமியார் படியில் நின்ற மூத்த மருமகளை ஒருமுறை பார்த்தார். "அந்த மாதிரி ஆளுங்களை எனக்குத் தெரியும்" என்றார். ஆனால் அடித்து முடித்த ஓரத்தையே மறுபடி அடிக்கத் தொடங்கினார்.

தேர்வு முடிந்து நாத்தனார் இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது. "கடிகாரம் நிக்கலை, அண்ணி. லைன்தான் நின்னுச்சு. கடைசி பக்கத்தைத் தொடவே இல்லை. என்ன ஆச்சு?"

"ஒரு வயர் இருக்கக் கூடாத ஓட்டையில இருந்துச்சு."

"எப்படிப் போச்சு அங்க?"

மாமியார் பல்லிடுக்கில் நூலைக் கடித்துக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை.

"முனையைத் தொங்க விட்டது நான்" என்றாள் கம்பிக்காரி. அது பொய்யில்லை.

"நீங்கதான் பொறுப்புன்னு சொன்னீங்க."

"இப்பவும் சொல்றேன்."

நாத்தனார் அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூட அண்ணனிடம் கேட்டு வாங்கினாள். ஓரகத்தி ஒருநாள் துணி காயப்போடும் சாக்கில் கம்பிக்காரியின் காதைக் கடித்தாள். "மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம். சொல்லிட வேண்டியதுதானே?"

"குடம் இன்னும் உடையலை, அக்கா. விரிசல்தான். முதல்ல தண்ணி நிக்குதான்னு பாப்போம்."

தண்ணீர் நிற்கவில்லை என்பதுபோல் தேர்வு அலுவலகத்திலிருந்து ஒரு தகவல் வந்தது. தேர்வு நடுவில் ஏற்பட்ட துண்டிப்பு சந்தேகத்துக்கு உரியதாக இருப்பதால் முடிவு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. தேர்வு எழுதியவரும் இணைப்புக்குப் பொறுப்பானவரும் வீடியோவில் விசாரணைக்கு வரவேண்டும். திருப்தியான விளக்கம் இல்லையென்றால் தேர்வு ரத்து.

விசாரணை நாளில் நாத்தனாரின் அறையில் கணினிக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். கதவருகில் கணவன். படியில் ஓரகத்தி. மாமியார் எங்கே என்று யாரும் கவனிக்கவில்லை. திரையில் நடுவயதுப் பெண் அதிகாரி வந்தார். பேச்சில் கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இணைப்புக்குப் பொறுப்பு யாரு?"

"நான்" என்றாள் கம்பிக்காரி.

"நீங்க இவங்களுக்கு என்ன உறவு?"

"அண்ணி. இந்த வீட்டு லைன் இழுத்தது நான். நாலு கம்ப்யூட்டருக்கு ஒரு இணைப்பு. அன்னைக்கு மத்ததெல்லாம் கழட்டிட்டேன்."

"வெளி லைன் துண்டிக்கலைன்னு உங்க கம்பெனி சொல்லுது. வயர் அறுந்தா படம் டக்குனு நிக்கும். இவங்க படம் அப்படி நிக்கலை. திக்கித் திக்கி, உடைஞ்சு உடைஞ்சு, அப்புறம்தான் போயிருக்கு. யாரோ வேணும்னே உள்ள கை வச்ச மாதிரி இருக்கு. அந்த நேரத்துல விடை தேடியிருக்கலாம்."

"நான் தேடலை, மேடம்" என்றாள் நாத்தனார்.

"கை வச்சது உண்மைதான்" என்றாள் கம்பிக்காரி.

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள்.

"யார் கை?" என்றார் அதிகாரி.

கம்பிக்காரி வாயைத் திறப்பதற்குள் கதவருகில் நின்ற கணவனை ஒரு கை தள்ளியது. மாமியார் உள்ளே வந்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. கேமரா எங்கே இருக்கிறது என்று தெரியாமல் திரையில் இருந்த முகத்தையே பார்த்துப் பேசினார்.

"என் கை. நான் இவளைப் பெத்தவ. தையல்காரி. வயர் ஒண்ணு தொங்கிக்கிட்டு இருந்துச்சு, எடுத்துச் செருகிட்டேன். என் மருமக கேட்டப்ப தொடலைன்னு வேற சொன்னேன். செருகறதைத் தொடறதுன்னு நான் நினைக்கலை. அதுக்கப்புறமும் வாயைத் திறக்காம இருந்தேன் பாருங்க, அதுதான் தப்பு. பழியெல்லாம் இவ தலையில விழுந்துச்சு."

"அம்மா" என்றாள் நாத்தனார்.

அதிகாரி பேனாவை வைத்தார். "அம்மா, நீங்க சொல்றதை நான் நம்பணும்னா, ஒரு சின்ன வயரை மாத்திச் செருகினதால மொத்த வீடும் நின்னுச்சுன்னு நம்பணும்."

"காட்டறேன்" என்றாள் கம்பிக்காரி.

"எப்படி?"

"இப்பவே. அதே வயர், அதே ஓட்டை. நாங்க போயிடுவோம். நீங்க மட்டும் கட் பண்ணாம இருங்க. திரும்பி வந்துடுவோம்."

"வரலைன்னா? விசாரணையும் துண்டிச்சுப் போச்சுன்னுதான் நான் குறிக்க வேண்டியிருக்கும்."

"வரும்."

நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பல நாள் கழித்து முதல் தடவையாக நேராக அவளிடம் பேசினாள். "அண்ணி, வேண்டாம். இருக்கிறதும் போயிடும்."

"எனக்கு இந்த லைனைத் தெரியும். அத்தை, நீங்களே போங்க. அன்னைக்குச் செருகின மாதிரியே செருகுங்க."

மாமியார் இறங்கும் சத்தம் ஒவ்வொரு படியாகக் கேட்டது. அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க செய்ற..." என்ற குரல் நறுக்கிய துணி போலத் துண்டு துண்டாக வந்தது. முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. வாய் பாதி திறந்தபடியே நின்றுபோனது.

"போதும், எடுங்க அத்தை" என்று கம்பிக்காரி படியை நோக்கிக் குரல் கொடுத்தாள்.

கீழேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "இங்க அஞ்சாறு முனை இருக்கேம்மா. எதை எடுக்கணும்?"

கணவன் தலையில் கைவைத்துக்கொண்டான். நாத்தனார் மணிக்கட்டை விடவில்லை. கம்பிக்காரி மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பச்சைக் கம்பி ஒரு நூல் குட்டையாக இருந்ததைக் கண்டுபிடித்த கண் அது. அவளுக்குச் சந்தேகமில்லை.

"குட்டை வயர், அத்தை. வளைஞ்சு நிக்கும் பாருங்க. உங்க கை செருகினதை உங்க கையே எடுக்கட்டும்."

திரையில் அதிகாரியின் வாய் மூடியது. கட்டங்கள் ஒன்று சேர்ந்தன. அவர் இவர்களைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு திரையில் எதையோ ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், வந்துட்டோம்" என்றாள் கம்பிக்காரி.

"தெரியுது." அவர் இன்னொரு தடவை பார்த்தார். "தேர்வு அன்னைக்கு உங்க பக்கத்துலேருந்து வந்த பதிவை இப்ப நடந்ததோட வச்சுப் பாத்தேன். அதே திக்கல். அதே உடைசல். ஒரு மாத்தமும் இல்லை." பேனாவை எடுத்தார். "இழந்த நேரத்துக்குக் கூடுதலா எதுவும் தர முடியாது. எழுதின வரைக்கும் திருத்துவோம். அது போதுமா?"

"போதும்" என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

அழைப்பை முடிக்கப் போன அதிகாரி நின்றார். "அந்த அம்மாகிட்ட சொல்லுங்க. தேர்வு நாள்ல கையைக் கட்டிக்கிட்டு உட்காரச் சொல்லுங்க."

"சொல்லிப் பாக்கறோம்" என்றாள் கம்பிக்காரி.

முடிவு வந்த மாலையில் நாத்தனார் தானே திறந்து பார்க்க மறுத்தாள். கணினியை அண்ணியின் பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள். கம்பிக்காரி எண்ணைத் தட்டினாள். பக்கம் திறந்தது. ஒருமுறை படித்தாள். பெயரைச் சரிபார்த்து இன்னொருமுறை படித்தாள்.

"இனிமே நீ எடுத்துக் கொடுக்கற மருந்துக்கு நீயே கையெழுத்துப் போடலாம்" என்றாள்.

நாத்தனார் சுவரைப் பார்த்தபடியே அழத் தொடங்கினாள். பிறகு திரும்பி அண்ணியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "ஒரு பக்கம் எழுதாம விட்டும் தேறிட்டேனா அண்ணி? நிஜமா பாத்தீங்களா? நான் உங்ககிட்ட பேசாமலே இருந்தேனே..."

"நிஜமாத்தான். பேசாததுக்கெல்லாம் அப்புறம் கணக்குப் பாக்கலாம். மூக்கைத் துடை, என் புடவை புதுசு."

மாமியார் படியேறி வந்தார். விஷயத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை. மகளின் அழுகையைக் கேட்டே எந்த அழுகை என்று தெரிந்துகொண்டார். கழுத்திலிருந்து டேப்பை உருவி, மகளைத் திருப்பி நிறுத்தினார். மருந்தாளர்கள் போடும் வெள்ளைக் கோட்டுக்குத் தோள் அளவு எடுக்கத் தொடங்கினார்.

"அழாதடி. தோள் ஏறி இறங்குது, அளவு தப்பும்" என்றார். தன் கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்குக் கை ஒழியவில்லை. "ஏம்மா, நீ அந்த முனையைப் பிடி."

கம்பிக்காரி டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டாள்.